விளிம்பில் நின்ற புல்

செத்தவீடு முடிந்து ஆட்கள் கலைந்ததும் கல்யாணி வேலைக்குத் திரும்பிவிட்டாள். அருகிவரும் தாவரங்களின் விதைகளைக் காயவைத்து, துப்புரவாக்கி, உறையவைத்துக் காக்கும் நிலையம் அது. சிட்னியின் மேற்கு ஓரத்தில் இருந்தது. அவளுடைய கணவன் இளங்கீரன் ஒருநாள் காலை வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியில் காரை நிறுத்தியவன், அதிலிருந்து இறங்கவேயில்லை. மாரடைப்பு. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் சுடவுமில்லை, குளிரவுமில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அழுகை மட்டும் வரவில்லை.

நிலையத்தின் பொறுப்பாளர் பிரதீப்குமார் கோயம்புத்தூர்க்காரர். ஒரு மதியம் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க கல்யாணி. விதை எடுக்கத் தீவுக்குப் போக இருந்தவருக்குக் கால் முறிஞ்சிருச்சு. புல்லு கதிர் விட்ருச்சு, நமக்காகக் காத்திருக்காது. உங்களால போக முடியுமா?"

"ஓம், போறன்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். காது சிவந்துவிட்டது. அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

வீட்டில் இளங்கீரனின் அக்கா யோகா இருந்தாள். மெல்பேர்னிலிருந்து செத்தவீட்டுக்கு வந்தவள், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டதால், இவளைத் தனியே விட மனமில்லாமல் நின்றுவிட்டாள்.

"ஒரு புல்லுக்காகவோ இப்ப இவ்வளவு தூரம் போறீர்?"

"அது வேற ஒரு இடத்திலயும் இல்லை மச்சாள். அந்தத் தீவில மட்டும்தான்."

யோகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள். கல்யாணி உடுப்பு அடுக்கினாள்.

சிறிய விமானம் கடலுக்கு நடுவே கிடந்த அந்தத் தீவில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தீவின் வனக்காவலர் ஹெலன், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண், அவளை ஜீப்பில் ஏற்றி மலைமேல் கூட்டிப்போனாள். கடைசித் தூரம் நடக்க வேண்டியிருந்தது. கடலைப் பார்த்த பாறைச் சரிவில் நின்றது புல். முழங்கால் உயரம், நீலம் கலந்த பச்சை. பெயர் தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். உலகத்தில் இருந்த அந்தப் புல் எல்லாமே அந்தச் சரிவில்தான் நின்றது.

கல்யாணி ஒரு கதிர்மணியை நசுக்கிப் பார்த்தாள். பால் வந்தது. இன்னும் முற்றவில்லை.

"காத்திருக்கத்தான் வேண்டும்," என்றாள் ஆங்கிலத்தில்.

"வீட்டில் யாரும் தேட மாட்டார்களா?" என்று ஹெலன் கேட்டாள். "கணவர்?"

"அவருக்குப் பழகிவிட்டது," என்று கல்யாணி சொன்னாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. திருத்தவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் ஹெலன் கேட்டபோதெல்லாம் சொன்னாள்: ஃபிரிட்ஜ் திருத்துகிற வேலை, தேத்தண்ணிக்குச் சீனி கூட, காரில் பாட்டைச் சத்தமாகப் போடுவார். சொல்வது சுகமாக இருந்தது. அவன் இறந்தது அந்தத் தீவில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு புயல் அறிவிப்பு வந்தது. மறுநாள் மாலை தெற்கிலிருந்து பெருங்காற்றும் மழையும் வருமென்றார்கள். காலையிலேயே இருவரும் சரிவுக்குப் போனார்கள். புல் நின்ற நிலத்தின் கீழ்ப்பாதியில் நீளமாக ஒரு வெடிப்பு விட்டிருந்தது. கை உள்ளே போகும் அளவு.

கல்யாணி பிரதீப்குமாருக்குப் போன் எடுத்தாள்.

"விதை இன்னும் முத்தேல்லை. கீழ்ப்பக்கம் முழுக்க இண்டைக்குக் கடலுக்குள்ள போயிடும். வேரோட கிண்டி எடுக்கட்டே?"

"வேரோட எடுக்க நமக்கு அனுமதி இல்லையே கல்யாணி. விதைக்கு மட்டும்தான்."

"அனுமதி தரக்கூடிய ஆள் எனக்குப் பக்கத்தில நிக்கிறா."

ஹெலன் போனை வாங்கிப் பேசினாள். அனுமதி தந்துவிட்டேன், எழுத்தில் பிறகு அனுப்புகிறேன் என்றாள். மறுபக்கத்திலிருந்து பிரதீப்குமாரின் குரல் கேட்டது: "கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், ப்ளீஸ்."

ஹெலன் கயிற்றின் ஒரு முனையை மேலே மரத்தில் சுற்றித் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டாள். மறுமுனை கல்யாணியின் இடுப்பில். அவள் வெடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கினாள். சிறு மண்வெட்டியால் மண்ணைக் கொத்தி, ஒவ்வொரு கொத்தாகப் புல்லை வேரோடு பெயர்த்து ஈரச் சாக்கில் வைத்தாள். கால்களுக்குக் கீழே கடல் இரைந்தது. பயம் வருமென்று பார்த்தாள். வரவில்லை.

"கவனம்!" என்று ஹெலன் மேலிருந்து கத்தினாள். "உன்னைக் கீழே விட்டால் உன் கணவர் என்னைச் சும்மா விடமாட்டார்!"

கல்யாணி கொத்துவதை நிறுத்தினாள்.

"அவர் இறந்துவிட்டார்," என்று மேலே பார்த்துச் சொன்னாள். "மாசி மாதம். நான் உனக்குப் பொய் சொன்னேன்."

கயிறு முன்பைவிட இறுகியது. ஹெலன் அதைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"மேலே வருகிறாயா?"

"இல்லை. இன்னும் ஒரு கொத்து இருக்கிறது."

"சரி. எடு. நான் பிடித்திருக்கிறேன்."

மேலே ஏறியதும் ஹெலன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கல்யாணியின் ஈர உடுப்பை வாங்கிக் காயப்போட்டாள், சூப் ஊற்றிக் கொடுத்தாள், மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவள் குடித்து முடிக்கும்வரை இருந்தாள். கூரைமேல் புயல் வந்து இறங்கியது. மறுநாள் போய்ப் பார்த்தபோது சரிவின் கீழ்ப்பாதியைக் காணவில்லை. மேலே சில கொத்துகள் மட்டும் சேறு படிந்து சாய்ந்து கிடந்தன.

சிட்னியில், கொண்டுவந்த புல்லை வேறு செடிகளோடு சேராத தனி அறையில் வைத்தார்கள். கொத்துகள் ஒவ்வொன்றாகப் பழுத்துக் காய்ந்தன. கல்யாணி தினமும் போய்ச் செத்ததை வெட்டி அகற்றினாள், மிச்சத்துக்குத் தண்ணீர் தெளித்தாள். குளிர்காலம் முடியும்போது மூன்று கொத்துகள்தான் மிஞ்சின. அவற்றில் ஒன்று நடுவிலிருந்து ஊசி போல் ஒரு துளிர் விட்டது.

பிரதீப்குமார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். யாரோ கை தட்டினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க போகலன்னா இது இல்லைங்க," என்றார். கல்யாணி துளிரைப் பார்த்தாள். இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. தலையாட்டிவிட்டு அடுத்த சட்டியை எடுத்தாள்.

மாலை வீட்டுக்கு வந்தபோது யோகாவின் பெட்டி வாசலடியில் நின்றது.

"பிள்ளையள் தேடுதுகள் கல்யாணி. நாளைக்கு வெளிக்கிடட்டே?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.

"இந்தக் கிழமை முழுக்க நில்லுங்கோ மச்சாள்," என்றாள். "எனக்கு ஏலாமல் கிடக்கு."

இவ்வளவு நாளில் அவள் யோகாவிடம் எதுவும் கேட்டதில்லை. யோகா பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அறைக்குள் அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு வெளியே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"இரவுக்குப் புட்டு அவிக்கட்டே?"

"எதெண்டாலும்," என்றாள் கல்யாணி. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குசினியிலேயே உட்கார்ந்தாள்.