ஒன்பது நாட்டு முகமூடி

ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்தபடி, எமகாதகன் தன் லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து அதன் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தான். மூன்று திருகு கழன்றாயிற்று. நான்காவது, கைவியர்வையில் வழுக்கியது.

மணி காலை பத்து. மற்ற நாளாக இருந்தால் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

எமகாதகன் என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது என்பதுதான் அவனுடைய வாழ்நாள் பெருமை. வேறு பெருமை ஏதும் வாய்க்கவில்லை. வயது இருபத்தேழு. உத்தியோகம், அக்கா வீட்டு உள்ளறை.

ஒளிவதில் மட்டும் மன்னன். அவன் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் ஒன்பது நாட்டுக் கம்ப்யூட்டர்களில் ஏறி இறங்கித்தான் போய்ச் சேரும். துரத்தி வருகிறவன் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கதவைத் தட்டி, ஒன்பதாவதில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட வேண்டியதுதான். ஒரு மெயில் முகவரியை இரண்டாம் தடவை தொட மாட்டான். வேற்று நாட்டுக்காரன் என்று நம்பவைக்கப் பகலில் தூங்கினான். எழுத்து நடையை வைத்து யாரும் பிடித்துவிடக் கூடாதென்று தப்பும் தவறுமாக எழுதினான். அதற்கு அவன் பெரிதாகச் சிரமப்படத் தேவையிருக்கவில்லை. கேமரா மேல் பிளாஸ்திரி. பூட்டிய அறைக்குள், தன்னந்தனியாக, தலையை மூடுகிற சட்டை. யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மூன்று வாரத்துக்கு முன் இந்த மகானுபாவன் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்புக்குள் புகுந்தான். பத்தாயிரம் பேருடைய சோதனை முடிவுகளை அள்ளிக்கொண்டு வந்து, ஹேக்கர்கள் கூடுகிற ஒரு ஃபோரத்தில் கொட்டினான். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு என்ன தொற்று, யார் அதைப் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, எல்லாம் சந்திக்கு வந்தது. எதற்காக? கைதட்டலுக்காக. முகமில்லாத நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நாற்பதே பேர்.

புகுந்த வழியில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அந்த லேப்பில் ரிப்போர்ட் அடிக்கிறவள் அவன் அக்கா. அவளுடைய பாஸ்வேர்டை ஊகித்தான். அவள் தலையில் பழி விழும் என்று அப்போது நினைக்கவில்லை. விழுந்த பிறகு நினைக்க விரும்பவில்லை.

அக்காவுக்கு அங்கே பதினாறு வருட வேலை. இன்று பதினோரு மணிக்கு விசாரணை. திருடனை உள்ளே விட்டது தானல்ல என்று அவள் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்றோடு வீட்டுக்குப் போகலாம். அந்த விசாரணை நோட்டீஸ் வந்த பழுப்பு உறை பத்து நாளாக ஃப்ரிட்ஜ் தலையில் கிடந்தது. ஊரான் பூட்டையெல்லாம் திறக்கிறவன் அதை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

அவனைக் கடித்தது வேறொன்று. ஒரு வாரமாக ஃபோரத்தில் சுண்டெலி என்று ஒரு புது ஆள். "அந்த லேப்பை உடைச்சது நான். முதல் அடியிலயே பாஸ்வேர்டு விழுந்துடுச்சு. எமகாதகன் என் எச்சிலைப் பொறுக்கினவன்" என்று தினமும் எழுதிக்கொண்டிருந்தது. நாற்பதில் முப்பது கட்டைவிரல் அந்தப் பக்கம் சாய்ந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். இன்று காலை ஒன்பதே முக்காலுக்குப் பொங்கிவிட்டான்.

"பொய். மூணு அடி ஆச்சு. முதல்ல 'டமாரம்'. அடுத்தது அவ பொறந்த வருஷம். மூணாவது அவ பழைய ஸ்கூட்டர் நம்பர். அதுலதான் திறந்துச்சு. உள்ள போனவனுக்குத்தான் இது தெரியும்."

சுண்டெலி உடனே பதில் போட்டது. "நன்றி. இது போதும்."

அதைப் படித்த பிறகுதான் எமகாதகனுக்குத் தான் உளறியது உறைத்தது. அதனால்தான் இந்த ஸ்க்ரூடிரைவர்.

கதவு தட்டப்பட்டது.

"டேய், உள்ள என்ன உருட்டுற?" அக்காவின் குரல்.

"மீட்டிங்க்கா."

"உனக்கு மீட்டிங்கா? வேலை குடுத்த புண்ணியவான் யாருடா?"

"மெதுவா பேசு டமாரம். தெருவுக்கே கேக்குது."



ஏழு வயதில் அவன் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்ததை அக்கா அம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள். அன்று அவன் வைத்த பெயர் டமாரம். வாயில் எதுவும் தங்காதவளாம். அவனைத் தவிர அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆளில்லை.

"ஸ்க்ரூடிரைவர் எடுத்தியா? என் கைப்பை பிடி கழண்டு தொங்குது."

"நான் எடுக்கல." வாயில் ஸ்க்ரூடிரைவர் இருந்ததால் பொய் குழறியது.

நான்காவது திருகு வந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கித் தண்ணீர் ஜக்கில் போட்டான். குமிழி விட்டது. அப்பாடா. ஒன்பது நாடும் தடயமில்லாமல் கரைந்தாயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் விழித்தவன் மாதிரி கொட்டாவி விட்டபடி கதவைத் திறந்தான்.

அக்கா வேலைக்குப் போகிற உடையில் நின்றாள். ஒரு கையில் போன், மறு கையில் பழுப்பு உறை. ஜக்கைப் பார்த்தாள்.  உறையிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள்.

"எங்க லேப் கம்ப்யூட்டர் அரதப் பழசு. தப்பா அடிச்ச பாஸ்வேர்டைக்கூடக் குறிச்சு வைக்கும். படி."

மூன்றே வரி. முதல் வரியில் டமாரம்.

"எப்ப பாத்தே?" அவன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பத்து நாளாச்சு. ஆனா இதை மட்டும் காட்டினா, நானே மறந்துபோய்த் தப்பா அடிச்சதாத்தான் சொல்வாங்க. வேற ஒருத்தன் வாயால இந்த மூணும் வரிசையா வரணும். எவனாவது சொல்வானான்னு காத்திருந்தேன். இன்னிக்குச் சொல்லிட்டான்."

"யாரு சொன்னாங்க?"

"நடிக்காதே. நல்லா வரல."

"அக்கா, அது ஒன்பது நாடு சுத்தித்தான் போகும். என்னை யாராலயும்..."

"சுத்தட்டுமே. விசாரணையில, டமாரம்னு உன்னைக் கூப்பிடுறது யாரும்மான்னு என்னைக் கேப்பாங்கள்ல. பதிலை நான் சொல்லட்டுமா, நீ வந்து சொல்றியா?"

 அந்தத் தலைமூடிச் சட்டைக்குள் அவன் முதல்முறையாக உண்மையிலேயே ஒளிந்துகொள்ளப் பார்த்தான். அக்கா குனிந்து தன் போனில் ஏதோ தட்டினாள், ஒரே விரலால், நிதானமாக.

கட்டிலில் கிடந்த அவனுடைய போன் சிணுங்கியது. ஃபோரத்திலிருந்து புது செய்தி. அனுப்பியது சுண்டெலி.

"சட்டையை மாத்து. பதினொண்ணுக்கு அங்க இருக்கணும். வரும்போது ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வா."