சொன்னதை மட்டும்

தெருவில் எல்லோரும் அந்த எலக்ட்ரீஷியனைக் 'கரண்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி தொழிலுக்காக வைத்த பெயர், மீதி சுபாவத்துக்காக. மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஃபேன் ஓடவில்லை என்று கூப்பிட்டால் ஃபேனைச் சரிசெய்துவிட்டு, யாரும் கேட்காமலே அழைப்பு மணியையும் கழற்றி மாட்டிவிட்டு வருவார். மணிக்குக் காசு வாங்க மாட்டார். ஆனால் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகும்போது அதை ஒரு தடவை அடித்துப் பார்ப்பார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். கொடுத்துவிட்டு, மாடு ஒழுங்காகத் தின்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்கிற ரகம் இவர்.

"குடுக்கிறது பெரிசில்லங்க. குடுத்துட்டுச் சும்மா இருக்கணும். அது உங்களுக்கு இந்த ஜென்மத்துல வராது" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு டீச்சர் உதவி கேட்டார். தன் வீட்டு ஃப்யூஸ் பெட்டிக்குள் கரண்ட்டு எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என் தங்கச்சிக்குக் கண்ணு தெரியாது. அவ சொல்லச் சொல்லப் பரீட்சை எழுத ஒரு ஆளு வேணும். ரொம்பப் படிச்சவங்க வரக் கூடாதுன்னு ரூல். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நீங்கதான் சரியான ஆளு."

புகழ்கிறாரா, காலை வாருகிறாரா என்று தெரியாமலே கரண்ட்டு தலையாட்டிவிட்டார்.

தங்கைக்கு முப்பது வயதிருக்கும். பார்சல் ஆபீஸில் ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. இந்தப் பரீட்சையில் நாற்பது மார்க் எடுத்தால் நிரந்தரம். இது மூன்றாவது தடவை. இன்னும் ஒரு தடவைதான் எழுத விடுவார்கள்.

பரீட்சைக்குத் தனி அறை கொடுத்தார்கள். கதவருகே ஒரு மேற்பார்வையாளர். 'சொல்வதை மட்டுமே எழுதுவேன்' என்று கரண்ட்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். துப்புக் கொடுத்தால் பேப்பரே செல்லாது என்று இரண்டு தடவை சொன்னார்.

முதல் ஒரு மணி நேரம் கரண்ட்டு கேள்வியை வாசித்தார், அவள் சொன்னதை எழுதினார். சரியா தப்பா என்று அவருக்கே தெரியாததால் கை அதுபாட்டுக்கு ஓடியது. கால்தான் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

பதினாறாவது கேள்வியை வாசிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. வீட்டு விளக்குகளை எந்த இணைப்பில் இணைக்க வேண்டும், ஏன்? இரண்டு மார்க். அல்வா மாதிரி கேள்வி.

"தொடர் இணைப்புல" என்றாள் அவள். "அப்பதான் எல்லா விளக்குக்கும் ஒரே அளவு மின்சாரம் போகும்."

பேனா நின்றுவிட்டது.

தொடர் இணைப்பா? ஒரு பல்பு போனால் வீடே இருண்டுவிடுமே. இருபத்தாறு வருடமாகப் பக்க இணைப்புக் கொடுத்தே தேய்ந்த விரல்கள் அவருடையவை. இரண்டு வார்த்தை மாற்றி எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்கும் தெரியாது. லேசாக இருமலாமா என்றுகூட யோசித்தார். மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதுங்கண்ணா" என்றாள் அவள். "நான் சொன்னதைத்தான்."

எழுதினார். வாழ்க்கையில் அவர் செய்த வேலைகளிலேயே மோசமான வேலை அதுதான் என்று தோன்றியது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அந்த விளக்கு கேள்வி தப்புதானே?"

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"பேனா சத்தம் நின்னுச்சே. நான் கண்ணுலயா கேக்குறேன்?"

"அப்ப மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"போன தடவை எழுத வந்தவங்க ரொம்ப நல்லவங்க. பாவம்னு நினைச்சு அவங்களா அங்கங்க மாத்திட்டாங்க. அதுலயும் ஃபெயில்தான். அதுல எது என் மார்க்கு, எது அவங்க மார்க்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. என்ன படிக்கணும்னே தெரியல."

ரிசல்ட் வரும் வரை ஐம்பது நாள் கரண்ட்டு வீட்டில் ஒரு பொருளையும் விட்டுவைக்கவில்லை. நன்றாக ஓடிய மிக்ஸியைக் கழற்றி, ஓடாத மிக்ஸியாக மாட்டினார். மனைவி திட்டியது காதில் ஏறவில்லை. இரண்டு மார்க், இரண்டு மார்க் என்றே மனசு அடித்துக்கொண்டது.

ஐம்பத்தோராவது நாள் டீச்சரின் தங்கையே ஃபோன் செய்தாள்.

"முப்பத்தெட்டு, அண்ணா."

கரண்ட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அந்த ரெண்டு மார்க்கு என் கையிலதான்மா இருந்துச்சு."

"தெரியும். அதனாலதான் கூப்பிடுறேன். அடுத்தது கடைசித் தடவை. நீங்கதான் வந்து எழுதணும்."

"வேணாம்மா, நான் தாங்க மாட்டேன். அதுக்குப் பதிலா வயரிங் பாடம் முழுக்கச் சொல்லித் தரேன். காசு வேணாம்."

"பாடம் சொல்லித் தர எங்க அக்கா இருக்கா. அறிவுரை சொல்லத் தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க. சொன்னதைச் சொன்னபடி எழுதத்தான் எனக்கு ஆளு இல்ல. வருவீங்களா, மாட்டீங்களா?"

இத்தனை வருடத்தில் அவர் கொடுத்ததை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், நன்றியும் சொன்னார்கள். இது வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் இவள் ஒருத்திதான்.

"வரேன்மா."

"யாருங்க ஃபோன்ல?" என்று கேட்டாள் மனைவி.

"பரீட்சை எழுதக் கூப்பிடுறாங்க, மறுபடியும்."

"நீங்க போய் அங்க என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணக் கூடாதாம்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுக்குத்தான் என்னைக் கூப்பிடுறாங்க."