பார்க்காமல் அமுக்கிய பட்டன்

சின்னவள் வேலை பார்த்த கம்பெனியில் ஒரே ஒரு சட்டம்தான் சட்டம்: எதையும் திறந்து பார்க்கக் கூடாது.

ஊரார் தங்கள் படம், பாட்டு, ஆவணம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டி வைக்கிற இணையக் கிடங்கு அது. "என் படத்தை எவனோ திருடிப் போட்டிருக்கிறான்" என்று யாராவது புகார் கொடுத்தால், அந்தக் கோப்பைத் தூக்குவது சின்னவளின் பிரிவு. ஒரே கணக்கின்மேல் மூன்றாவது புகார் வந்தால் கணக்கையே மூட வேண்டும். திரையில் ஓர் எண் வரும். பெயர் வராது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் காட்டாது. சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"பார்த்தா தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா நாம பொறுப்பு. கோர்ட்ல போய் தெரியாதுன்னு சொல்லணும்னா, நெஜமாவே தெரியாம இருக்கணும்" என்பார் கம்பெனி வக்கீல். ஆபீசில் அவருக்குச் சட்டப்புலி என்று பெயர். என்ன அழகான ஏற்பாடு பாருங்கள்! சம்பளமும் கொடுத்து, கண்ணையும் மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

முன்பெல்லாம் மூடிய கணக்கைக் கொஞ்ச நாள் வைத்திருந்துதான் அழிப்பார்கள். உரியவர் அழுது புரண்டு கேட்டால் திருப்பிக் கொடுக்கலாம். பெரிய படக் கம்பெனி ஒன்று வழக்குப் போட்டு, திருட்டுப் பொருளை ஏன் பத்திரப்படுத்தி வைத்தாய் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டது. அன்றிலிருந்து அமுக்கினால் உடனே அழிப்பு. இனிமேல் கெஞ்சுகிற போன் வராது என்று பிரிவே கைதட்டியது. சின்னவளும்தான் தட்டினாள்.

அவளுக்கு ஓர் அக்கா. தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அப்புறம் உன் மாமாவை எப்படிடி திட்டுறது?"

அதற்கும் வழி இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே நிறையப் பேசிப் பதிவு செய்து கொடுத்தால், அதே குரலில் பேசுகிற கருவி செய்து தரலாம் என்றார் ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சியாளர். அக்கா கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்த்துக் கொட்டக் கொட்டப் பேசினாள். அவர் கொடுத்த வாக்கியங்கள் முடிந்ததும் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்தாள். "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பது மாமாவுக்கு. "கண்ணை எங்கடி வச்சிருந்தே?" என்பது சின்னவளுக்கு. பால் பொங்கி வழிந்தாலும், பஸ்ஸைக் கோட்டைவிட்டாலும், சிறு வயதிலிருந்து அவள் வாங்கிய அர்ச்சனை அது.

அக்காவின் போனில் இடம் பத்தவில்லை. "எங்க கம்பெனியிலயே போட்டு வைக்கா. ஊழியர் குடும்பத்துக்கு இலவசம். பேங்க் லாக்கர் மாதிரி" என்று கணக்குத் திறந்து கொடுத்தவள் சின்னவள். போனில் இருந்ததை அழித்துக் கொடுத்தவளும் அவளேதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்த அன்று சாயங்காலம், சின்னவள் ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பயிற்சியாளர் வராந்தாவில் லேப்டாப்போடு நின்றிருந்தார்.

"நீங்க குடுத்த லிங்க் திறக்க மாட்டேங்குதேம்மா."

எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறப் பக்கம். 'காப்புரிமை மீறல் காரணமாக இக்கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.' கீழே அன்றைய தேதி. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், மூடிய ஊழியரின் குறியீடு.

அது அவளுடைய குறியீடு.

"அய்யய்யோ!" என்று வாய்விட்டே அலறிவிட்டாள். காலையில் காபி ஆறுவதற்குள் வரிசையாக அமுக்கித் தள்ளினாளே, அதில் எந்த எண் அக்கா? எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

மாமா மருந்துப் பையோடு வந்தார்.

"மாமா, அக்கா கணக்குல நீங்க ஏதாவது போட்டீங்களா?"

"சும்மா, ரெண்டு மூணு புதுப் படம்மா. ஆபீஸ்ல கேட்டாங்க, லிங்க் அனுப்பினேன். ஊர்ல எல்லாரும் செய்றதுதானே?"

"எச்சரிக்கை மெயில் வந்திருக்குமே மாமா!"

"அக்கா போன் எங்கிட்டதானே இருந்துச்சு, அதுல மெயில் என்னென்னவோ வந்துச்சு. விளம்பரம்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

சொன்னாள். "விளையாடாதேம்மா" என்றபடி அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு தானாக எழுந்திருக்கவே இல்லை.

சின்னவள் சட்டப்புலிக்குப் போன் போட்டாள். "சார், காலையில மூடின ஒரு கணக்கு சார். அதுக்குள்ள எங்க அக்காவோட..."

"நிறுத்துங்க! உள்ள என்ன இருந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியக் கூடாது."

"திரும்ப எடுக்க முடியுமா சார்? அதை மட்டும் சொல்லுங்க."

"அமுக்கினா போச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

பயிற்சியாளரிடம் திரும்பினாள். பழைய வீடியோ, போனில் அனுப்பிய செய்தி எதுவும் உதவாதா? அவர் உதட்டைப் பிதுக்கினார். "சத்தத்துக்கு நடுவுல பேசினது ஆகாதும்மா. சுத்தமான குரல் வேணும். இனிமே அவங்களால..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

மாமாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு உள்ளே போனாள். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு, மடியில் எழுதுகிற பலகை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக் காட்டினாள்: 'என் குரல் எப்போ வரும்?'

"வந்துட்டே இருக்கும்மா" என்றார் மாமா.

சின்னவளால் அப்படிப் பொய் சொல்ல முடியவில்லை. "போச்சுக்கா. எல்லாம் போச்சு. மாமா படம் போட்டாரு, புகார் வந்துச்சு. கணக்கை மூடினது நான்தான்க்கா. உன்னுதுன்னு தெரியாது. நாங்க பார்க்க மாட்டோம்."

அக்கா அவளையே பார்த்தாள். பலகை நழுவித் தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். கழுத்திலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. 'கண்ணை எங்கடி வச்சிருந்தே?' என்று உதடுகள் மட்டும் கேட்டன.

சின்னவள் கட்டிலோரம் மண்டியிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "திட்டுக்கா" என்று அழுதாள். "இன்னொரு தடவை திட்டுக்கா."