ஆபீசர் கேட்ட அசல்

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. சான்றிதழோ பத்திரமோ, நகலெடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "அசலை வீட்ல பூட்டி வைங்க, எவன் கேட்டாலும் ஜெராக்ஸைக் கொடுங்க" என்று கேட்காமலேயே உபதேசம் செய்வார். அந்த உபதேசம் தன் தலையிலேயே வந்து விடியும் என்று மனிதர் கண்டாரா?

கீழே கடை, மேலே வீடு. சாலையை அகலப்படுத்துகிறோம், கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் வந்ததும் கோர்ட்டுக்கு ஓடினார். இடிக்கக் கூடாது என்று நீதிபதி தடை போட்டார். அன்றைக்கு அவர் கால் தரையில் பாவவில்லை. முத்திரை குத்திய அசல் உத்தரவைத் தங்கை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, கட்டுக்கட்டாக நகலெடுத்தார். ஷட்டரில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, மெஷின் மூடிமேல் ஒன்று என்று ஒட்டித் தீர்த்தார். வக்கீலும் நோட்டீஸ் விட்ட ஆபீசருக்குத் தபாலில் ஒன்று அனுப்பினார்.

"சுவரே தெரியலையே, வெள்ளையடிக்கிற செலவு மிச்சம்" என்று மனைவி சிரித்தாள்.

"சிரிக்காதே. இனிமே இதுதான் நம்ம வீட்டுக் காவக்காரன்."

பொக்லைனோடு ஆபீசர் வந்திறங்கிய காலையில், ஜெராக்ஸ்காரர் ஒரு நகலைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினார்.

"ஐயா, கோர்ட்டு தடை இருக்குங்க ஐயா! பாருங்க!"

ஆபீசர் வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"இது ஜெராக்ஸ். அசல் எங்கே?"

"தங்கச்சி வீட்ல இருக்குங்க. வக்கீல் உங்களுக்கே அனுப்பினாரே!"

"இன்னும் என் மேஜைக்கு வரலை. கடை வெச்சிருக்கீங்க, என்ன வேணா அடிப்பீங்க. அசலைக் கொண்டாங்க, நிறுத்திடறேன்."

பாவி மனுஷன் அதை நம்பினார். மனைவி கையில் அகப்பட்ட பாத்திரங்களை மூட்டை கட்ட, இவர் ஸ்கூட்டரை விரட்டினார். தங்கை பதற்றத்தில் பீரோ சாவியை வீடெல்லாம் தேடினாள். அசலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, மேல்வீடு தெருவில் கிடந்தது. நகலெடுக்கும் மெஷின் அதற்கடியில் இருந்தது.

ஆபீசர் அசலைப் பொறுமையாகப் படித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நிறுத்துங்கப்பா! கோர்ட் ஆர்டர் இருக்கு, மிச்சத்தைத் தொடாதீங்க!" என்றார்.

மிச்சம் என்றால் என்ன தெரியுமா? படிக்கட்டு. ஏறிப் போக வீடில்லாத படிக்கட்டு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா! அந்தப் படிக்கட்டையும் அடுத்த வாரமே வந்து எடுத்துவிட்டார்கள்.

"இது கோர்ட் அவமதிப்பு, விடவே கூடாது" என்று கொதித்தார் வக்கீல். "திரும்பக் கட்டிக் கொடுக்கச் சொல்லியே கேட்போம்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் தங்கை வீட்டுப் பின்னறையில் நாளைத் தள்ளினார்கள். மனைவி பாத்திர மூட்டையைப் பிரிக்கவே இல்லை. "எதுக்குங்க பிரிக்கணும்? மறுபடியும் கட்டணும்ல?" என்பாள்.

வழக்கு ஒருவழியாக விசாரணைக்கு வந்தது. நீதிபதி ஆபீசரை வறுத்தெடுத்துவிட்டார். "கோர்ட் உத்தரவுன்னா உங்களுக்கு விளையாட்டா? ஜெயிலுக்கு அனுப்பட்டுமா?" பின்வரிசையில் நின்ற ஜெராக்ஸ்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆபீசர் கைகூப்பினார். தெரியாமல் நடந்துவிட்டது, நிபந்தனை இல்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார்.

"வீட்டைத் திரும்பக் கட்டித் தரணும்" என்று எழுந்தார் இவருடைய வக்கீல்.

"அங்கே ரோடு போட்டாச்சுங்க. பஸ் ஓடுது" என்றார் அரசு வக்கீல்.

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார். பிறகு, மன்னிப்பை ஏற்றுக்கொள்வதாகவும், இனி இப்படி நடக்கக் கூடாது என்றும், நஷ்டஈடு வேண்டுமானால் தனியாக வழக்குப் போடலாம் என்றும் சொல்லி முடித்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். ஆபீசர் இவர் தோளை உரசிக்கொண்டுதான் வெளியே போனார். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

பின்னறையில் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சுங்க?"

"ஆபீசர் மன்னிப்புக் கேட்டுட்டான்."

"உங்ககிட்டயா?"

"இல்லை. கோர்ட்டுகிட்ட."

"கோர்ட்டு கட்டடம் நல்லாத்தானேங்க நிக்குது?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த பாத்திர மூட்டையை இழுத்து, முடிச்சை அவிழ்த்தாள்.