ஆறிப்போன காப்பி

வடகோடிக் கடலில் இருக்கும் எங்கள் க்வார்க்கன் தீவுகளில் கடலுக்குள்ளிருந்து நிலம் முளைக்கும். கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனிப்பாளம் ஒன்று ஒரு காலத்தில் இந்தத் தரைமேல் உட்கார்ந்து அமுக்கிவிட்டது. அது உருகிப் பல்லாயிரம் வருடமாகியும் தரை இன்னும் நிமிர்ந்து முடிக்கவில்லை. எங்கள் நிலச் சங்கத் தலைவர் ஹெல்மரோ கூட்டத்துக்குக் கூட்டம், "என் தலைமையிலதான் ஊரோட பரப்பளவு கூடியிருக்கு" என்பார். பனிப்பாளம் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

இந்தக் கோடையில் படகுத்துறைக்கு எதிரே புதிய பாறையொன்று தலைகாட்டியது. ஊர் வழக்கப்படி, புதுப் பாறையில் கால் நனையாமல் நின்று ஒரு கோப்பை காப்பியை முதலில் குடித்து முடிப்பவரின் பெயரைத்தான் அதற்கு வைப்போம். ஹெல்மரின் அப்பா பெயரில் ஒரு தீவே இருக்கிறது, ஆடுகள் மேய்கின்றன. ஹெல்மர் பெயரில் கூழாங்கல்கூடக் கிடையாது. வயதும் அறுபத்தெட்டு ஆகிவிட்டது.

அவர் ஊரைக் கூட்டிய நாளில் தெற்குக் காற்று கடலை எங்கள் பக்கம் தள்ளியது. பாறைமேல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர்.

"இன்னொரு நாள் வச்சுக்கலாமே, தலைவரே" என்றான் படகோட்டி எவால்ட்.

"ரப்பர் பூட்ஸ் எதுக்குய்யா இருக்கு? கால்தான் நனையக் கூடாது. பூட்ஸ் நனையலாம்."

இறங்கி நின்றார். மனைவி குன்னெல் படகிலிருந்து காப்பியை ஊற்றி நீட்டினாள். நாலு மடக்கில் வேலை முடிந்திருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து உரையை எடுத்தார்.

"பெருமக்களே! பனியுகத்திலிருந்து தொடங்குகிறேன்..."

"பனியுகத்துலேர்ந்தா? செத்தோம்" என்றான் எவால்ட்.

"முதல்ல குடிச்சுத் தொலைங்க, ஆறுது!" என்று குன்னெல் கத்தினாள்.

"குறுக்கே பேசாதே."

உரையில் பனி உருகத் தொடங்கிய இடத்தில், ஓர் அலை பூட்ஸின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. ஹெல்மரின் புருவம் துள்ளியது.

"நனைஞ்சிருச்சா?" என்றான் எவால்ட்.

"வேர்வை" என்றார்.

"வேர்வையில மீன்குஞ்சு நீந்துமாக்கும்!" என்றாள் குன்னெல்.

சிரிப்பில் படகுகள் ஆடின. அவரை உள்ளே இழுத்துப் போட்டு, பூட்ஸைக் கவிழ்த்தோம். அங்கேயே கைதூக்கி வாக்கெடுத்தோம்: பாறையின் பெயர் 'ஆறிப்போன காப்பி'. எதிர்ப்பு ஒரே ஓட்டு.

"மனசு தளராதீங்க தலைவரே" என்றான் எவால்ட். "அடுத்த பாறை வர இன்னும் இருபது வருஷம் ஆகும். அதுக்குள்ள பேச்சைச் சுருக்கிடலாம்."

குன்னெல் கணவரின் காலுறையைப் பிழிந்தாள். "இருபது வருஷம் பத்தாது" என்றாள்.