தலையணையை நகர்த்தியவள்

தம்பியின் இடது கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, அக்கா அவன் தாடையை மெல்லத் திருப்பியபோது கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஒரு குரல் பதறியது.

"மேடம், மேடம், அசைக்காதீங்க! நீங்க தலையத் திருப்புற ஒவ்வொரு தடவையும் இங்க மலை மாதிரி எழும்புது."

சொன்னவர் நிலவியல் பேராசிரியர். தம்பியின் மார்பில் ஒட்டியிருந்த வட்டக் கருவி அவருடையது. பூமியின் மிகச் சிறிய நடுக்கத்தையும் பிடிப்பதற்காக அவர் மலையடிவாரங்களில் புதைத்துவைக்கும் கருவியின் குட்டி அது. அதிலிருந்து வந்த கோடு அவர் மடியிலிருந்த கணினியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாதி மொகத்தோட விட்டுடச் சொல்றீங்களா?" என்றாள் அக்கா. "சலூன் வச்சிருக்கேன் சார். பாதி செரைச்சு யாரையும் அனுப்பினதில்ல."

'அனுப்பினதில்ல' என்ற சொல் அறையில் தங்கிவிட்டது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் வலது கன்னத்துக்கு நுரை தடவினாள். மலை எழும்பினால் எழும்பட்டும்.

தம்பியின் கட்டிலைச் சுற்றி இருந்த மூன்று பேருக்கும் அவள் எப்போதோ பெயர் வைத்துவிட்டாள். நிலவியல்காரர் பாறை. ஜன்னலோரம் கைகட்டி நின்ற நுரையீரல் மருத்துவர் ஊசி. நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்த தத்துவப் பேராசிரியர் புகை. பல்கலைக்கழகத்தில் இவர்கள் தம்பியோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பெரிய நிலநடுக்கம் முடிந்த பிறகு சிறு அதிர்வுகள் விட்டுவிட்டு வரும். இடைவெளி நீண்டுகொண்டே போய், பிறகு அடங்கும். அந்த இடைவெளிக்கு ஒரு விதி உண்டு. சாகிறவரின் மூச்சுக்கும் அதே விதிதான் என்று கணிதக்காரனான தம்பி ஒரு சூத்திரம் எழுதினான். பாறை கருவி கொடுத்தார். ஊசி நோயாளிகளைக் கொடுத்தார். புகை என்ன கொடுத்தார் என்பது அக்காவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. 'கடைசி என்கிற சொல்லுக்கு என்ன பொருள்' என்று அவர் ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். அவ்வளவு தெரியும்.

அப்புறம் தம்பிக்கே நுரையீரல் கெட்டது. யாரும் கேட்பதற்கு முன்னால், "என்னையும் சேத்துக்கோங்க" என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மார்ஃபின் வேண்டாம், அது மூச்சைத் தணித்துப் பதிவைக் கெடுத்துவிடும் என்று சொன்னதும் அவன்தான்.

அன்று காலைகூட அவள் கேட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப முட்டுதா? ஊசி போடச் சொல்லட்டுமா?"

அவன் மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டான். "வேணாம். கணக்கு... கெட்டுடும்."

"உன் கணக்குல மண்ணள்ளிப் போட. அது சரின்னு தெரியிறப்ப நீ இருப்பியாடா?"

"நீ இருப்பல்ல."

"எனக்கு என்னடா புரியும்?"

"புரியாது" என்று ஒப்புக்கொண்டான். சிரிக்கப் போய் இருமினான்.

அவர்கள் இருவரும் எப்போதும் அப்படித்தான். தலைக்கு வெளியே இருப்பதை வெட்டிப் பிழைக்கிறவள் என்பான் அவன். உள்ளே இருப்பதை வெட்டிவிட ஆள் கிடைக்காததால்தான் நீ இப்படி அலைகிறாய் என்பாள் இவள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறவன், அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு மறந்து பாத்திரத்தைக் கருக்குகிறவன், அவளுக்குச் சாகும்வரை மக்குதான். அவன் மாணவர்கள் முன்னால் ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். அதற்கு அவன் பல மாதம் பேசவில்லை. அவளும் போய்ப் பேசவில்லை.

மதியத்துக்கு மேல் நிலைமை மோசமானது. கழுத்து நரம்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறுபோல விடைத்தன. விரல்கள் போர்வையைப் பிறாண்டின. கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை, பயம் மட்டும் இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

"போதும். ஊசியப் போடுங்க" என்றாள் அக்கா.

மருத்துவர் பாறையைப் பார்த்தார். பாறை திரையைப் பார்த்தார். "இப்பதான் இடைவெளி நீள ஆரம்பிச்சிருக்கு" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில்.

புகை கண்ணைத் திறந்தார். "அம்மா, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. தெளிவா இருந்தப்ப வேணாம்னு சொன்னவரும் இவர்தான். இப்ப துடிக்கிறவரும் இவர்தான். இதுல எந்த இவருக்கு நாம கட்டுப்பட்டவங்கங்கிறது அவ்வளவு சுலபமான கேள்வி இல்ல."

"ஒரு காரியம் பண்ணலாம் சார். உங்க மூக்கையும் வாயையும் நான் பொத்திக்கிறேன். அப்புறம் யோசிங்க. விடை சட்டுனு வரும்."

புகை கலைந்தது. அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்" என்றார் மருத்துவர். "அவரோட விருப்பம்னு ஒண்ணு..."

"அவன் வேணாம்னு சொன்னது எனக்கும் தெரியும். முழிச்சு வந்து திட்டினா என்னைத் திட்டட்டும். நீங்க டாக்டரா, இல்ல இந்தப் பொட்டிக்குக் காவலா?"

மருத்துவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மணியடித்து நர்ஸை வரவழைத்து, மருந்தை எடுத்துவரச் சொல்லி, தானே போட்டார். அவருக்கு வைத்த பெயருக்கு அன்றுதான் அவர் பொருத்தமானார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து தளர்ந்தது. விரல்கள் போர்வையை விட்டன. பாறை கணினியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். மூவரும் நடைக்கூடத்துக்குப் போனார்கள். பாதிக் கதவு வழியாக அவர்கள் பேச்சு உள்ளே வந்தது. பதிவு செல்லுமா செல்லாதா. கட்டுரையில் இதை மறைக்காமல் எழுதுவதா, அடிக்குறிப்பில் தள்ளுவதா. தம்பியின் பெயர் முதலில் வரவேண்டும் என்றார் பாறை. இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிலுவைக்குறி போடுவது வழக்கம் என்றார் புகை. உள்ளே அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

'மூணு படிச்ச கழுதைங்க' என்று நினைத்தாள் அக்கா. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவன் மார்பு எழவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். எழுந்தது. பிறகு இன்னும் நீண்ட அமைதி. அதற்குப் பிறகும் ஒன்று. சின்ன வயதில் குளத்தில் முங்கி, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறான் என்று அவளைக் கரையில் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வானே, அதே மாதிரி இவள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

அப்புறம் எதுவும் வரவில்லை. மேசைமேல் கோடு படுத்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் அவன் மழித்த கன்னத்திலிருந்து காதுக்கு நகர்ந்தது. எதுவும் வரவில்லை.

"டேய்" என்றாள் அவள். "டேய் மக்கு. சொல்லாமயா போற?"

அவன் மார்பு ஒருமுறை எழுந்தது. முழுதாக, ஆழமாக. காலையில் பதில் சொல்வதற்கு முன்னால் இழுத்துக்கொண்டானே, அந்த மாதிரி. இறங்கியது.

பிறகு வரவில்லை.

அவள் உடனே போய் யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை தகனக் கூடத்தில் புகை பேசினார். மரணத்தையே அளக்கத் துணிந்தவன், தன் கடைசி மூச்சையும் அறிவுக்குக் கொடுத்தவன் என்றார். கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் சிலர் அழுதார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் 'மூச்சு' என்று சொல்லும்போதெல்லாம் அவர் செருப்பைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது மருத்துவர் அவளிடம் வந்தார். பின்னால் பாறை. இருவருக்கும் தூங்காத முகம்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் மருத்துவர். "மருந்து குடுத்தும் அவரோட சூத்திரம் அப்படியே நிக்குது. எங்களுக்கே ஆச்சரியம். எந்த இடத்துல அடங்கணும்னு அவர் எழுதியிருந்தாரோ கிட்டத்தட்ட அங்கதான் அடங்கியிருக்கு. ஆனா அதுக்கப்புறம், ரொம்ப நேரம் கழிச்சு, ஒரே ஒரு அலை பெருசா வந்திருக்கு."

"அது மூச்சுன்னா கணக்கு உடைஞ்சிடும்" என்றார் பாறை. "திருத்தவும் முடியாது, எல்லாமே போச்சு. வெளி அசைவுன்னா பிரச்சினை இல்ல. அப்ப அறையில நீங்க மட்டும்தான் இருந்தீங்க."

இருவரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாழ்நாளில் இவர்கள் அவளிடம் விடை கேட்பது இதுதான் முதல் தடவை. ஒரு சொல் போதும். இவர்களுடைய கருவி, மாநாடு, மேடை, புகையின் பேச்சு எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளே, கூடத்தின் கடைசி வரிசையில், தம்பியின் மாணவி ஒருத்தி இன்னும் எழுந்திருக்காமல் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள் அக்கா. "தலையணைய நகத்தினேன்."

பாறை மூச்சை விட்டார். மருத்துவரின் முகத்தில் நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது.

"தொடக் கூடாதுன்னு அத்தனை தடவை சொல்லியிருந்தோமே" என்றார், குழந்தையிடம் பேசுவதுபோல. "சரி, விடுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்."

"ஆமா. எனக்கு எப்படித் தெரியும்."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். கீழே காரருகே நின்றிருந்த புகையிடம் பாறை ஏதோ சொல்ல, அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்து, பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. அடுத்த குடும்பம். முன்பின் தெரியாத மனிதர்கள் மெதுவாக உள்ளே வந்து வரிசைகளில் அமர்ந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டுக் கூடத்துக்குள் ஒதுங்கிய அக்கா, வெளியே போக வழியில்லாமல் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று அந்த வரிசையிலிருந்த ஒரு பெண், முன்னால் கிடத்தியிருந்த தங்கள் ஆளைக் கண்ணால் காட்டி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அதற்குமேல் கேட்காமல், தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.