இரண்டு பேர் படுக்கிற டெண்ட்

"ரெண்டு டெண்ட் எதுக்கு? நாம என்ன, புருஷன் பொண்டாட்டியா, பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரங்களா?"

இந்தக் கேள்வி எங்கள் மூன்றாம் மாடி நடையில் வந்து விழுந்தபோது நான் குப்பைப் பையோடு வாசலில் நின்றிருந்தேன். பையில் குப்பை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எதிர்வீட்டுக் கதவு அரைகுறையாகத் திறந்திருக்கும்போது வெறுங்கையோடு நின்றால் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பது. பையோடு நின்றால் சுத்தம்.

"கத்தாத. கதவு திறந்திருக்கு."

"இருக்கட்டும். ஊரே கேக்கட்டும். மறுபடி கெளம்பலாம்னு கூப்பிட்டது நீங்க. தூங்கிட்டிருந்த பைக்கைத் தட்டி எழுப்பினது நீங்க. இப்ப ஆளுக்கொரு டெண்ட்டை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே, இது என்ன நியாயம்?"

"எனக்குத் தனியாப் படுத்தாதான் தூக்கம் வருது. அவ்வளவுதான்."

"வீட்டுல ஹாலுக்குப் போனீங்க. முதுகு வலின்னு சொன்னீங்க, நம்புனேன். காட்டுக்குப் போயும் ஒரு ஹால் வேணுமா உங்களுக்கு?"

பை என் கையிலிருந்து நழுவியது. ஹாலிலா படுக்கிறார்? எதிரெதிர் வீட்டில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறதே!

எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் சொன்னபடி கேட்கும், எங்கள் கட்டடத்து லிஃப்ட்டைத் தவிர. கல்யாணமான புதிதில் இருவரும் பைக்கில் கிளம்பி, ஏரிக்கரை மலையடிவாரம் என்று டெண்ட் அடித்துத் தங்குவார்களாம். போகும்போது அவர் ஓட்ட, வரும்போது அவள் ஓட்ட. மகள் பிறந்ததும் அதெல்லாம் பரண் ஏறியது. மகள் வேலைக்கென்று வெளியூர் போனதும் பரணிலிருந்து இறங்கியது. இறக்கிப் பிரித்தால் டெண்ட் துணி கையோடு உதிர்ந்தது. சரி, எல்லாம் புதிதாக வாங்குவோம் என்று ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் மாடிக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை.

அடுப்பு ஒன்று வந்தது, உள்ளங்கை அகலம். மடக்கு நாற்காலி வேண்டுமா, தரை போதுமா என்று ஒரு வாரம் வழக்கு நடந்து, முழங்கால்கள் சாட்சி சொல்ல, நாற்காலி ஜெயித்தது. ஊதுகிற தலையணையை ஊதி ஊதி அவருக்கு மூச்சு வாங்கியது. பைக்கில் பாரம் குறைய வேண்டும் என்று அக்கா பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்து வைத்திருந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்த எங்க வீட்டுக்காரர், "பிரஷ்ஷை அறுக்கிறதுக்குப் பதிலா ரெண்டு பேரும் கொஞ்சம் உடம்பைக் குறைக்கலாமே" என்றார். அவர் பேச வேண்டிய பேச்சா அது.

கடைசியில் அக்காதான் ஜெயித்தாள். ஒரு டெண்ட்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு, இரண்டு பேர் படுக்கிற பெரிய டெண்ட்டாகக் கொடுத்தார். இன்னொன்றைப் பிரித்துவிட்டதால் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஒற்றை டெண்ட் அவர்கள் வாசலில் செருப்பு அலமாரி மேல் அநாதையாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை மாடியில் ஒத்திகை. கட்டடச் செயலாளரிடம் கேட்டு மாடியைத் திறந்தார்கள். செயலாளர் மனைவியை இழந்து தனியாக இருப்பவர், இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து குலுங்கும். அதனால் எங்களுக்கு அவர் சாவிக்காரர். பச்சை டெண்ட் வெயிலில் ஒரு பெரிய ஆமை மாதிரி நின்றது. இருவரும் உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டார்கள். நாகரிகம் தெரிந்தவள் என்பதால் நான் துணி காயப்போடுகிற கொடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

மாலையில் லிஃப்ட் கதவு திறந்து அக்கா வெளியே வந்தாள். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீக்கம், ஊதா நிறத்தில். அதைவிட என்னைத் தூக்கிப் போட்டது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! என்ன இது?"

"பட்டுருச்சு."

"எதுல?"

"டெண்ட்ல."

"டெண்ட்ல முட்டிக்க என்ன இருக்கு? வெறும் துணிதானே?"

"அவர் கை இருந்துச்சே," என்றாள். "தூக்கத்துல." சொல்லிவிட்டு, ஏதோ பரிசு வாங்கியவள் போலப் பாட்டு முனகிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே மாடிப்படியில் சபை கூடியது. "தூக்கத்துல அடிக்கிறவன், முழிச்சுக்கிட்டு அடிக்கிறவனோட சொந்த அண்ணன்" என்றார் எங்க வீட்டுக்காரர். சாவிக்காரர் கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "நம்ம கட்டடத்துல இப்படி ஒண்ணா? அதுவும் நான் திறந்துவிட்ட மாடியிலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கோ அடியைவிட அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. அடி வாங்கி அழுகிறவளைத் தேற்றலாம். அடி வாங்கிச் சிரிக்கிறவளை என்ன செய்வது?

அந்த வாரம் லிஃப்ட்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. லிஃப்ட்டில் யாராவது இருந்தால் படியேறிப் போனார். லிஃப்ட் மெக்கானிக் படியேறுகிறார் என்றால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பைக் மேல் மறுபடி தார்ப்பாய் ஏறியது. ஒரு நாள் கதவுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"வேணாம், விடு. நான் வரல. உன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா?"

"என் மூஞ்சி எனக்குத் தெரியும். நீங்க வரல, நான் விடல."

இந்த வாக்குவாதத்துக்கு என்ன அர்த்தம் என்று தலையை உடைத்துக்கொண்டேன். அடித்தவன் வர மாட்டேன் என்கிறான், அடிபட்டவள் வா வா என்கிறாள்!

அடுத்த ஞாயிறு மதியம் மொட்டை மாடியில் தரையை யாரோ உதைக்கிற மாதிரி சத்தம். சாவிக்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். டெண்ட் வாசல் திறந்திருந்தது. உள்ளே பார்த்ததும் சாவிக்கொத்து கீழே விழுந்தது. லிஃப்ட்காரர் ஸ்லீப்பிங் பேக்குக்குள் கழுத்து வரை ஜிப் போடப்பட்டுக் கிடந்தார். வெளியே முகம் மட்டும். அக்கா அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, பைக்கில் சாமான் கட்டுகிற சிவப்புப் பட்டையை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா! என்னம்மா பண்ற அவரை?" என்று கத்தினார் சாவிக்காரர்.

லிஃப்ட்காரர் தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார். "வாங்க சார். எந்திரிக்க முடியல, தப்பா நெனச்சுக்காதீங்க."

சாவிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

"தூங்கினா லிஃப்ட் கதவு மூடுது சார்," என்றார் அவர், டெண்ட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டே. "உள்ள யாரோ மாட்டிக்கிட்டு இருக்காங்க. நான் தள்ளிப் பிடிக்கிறேன், உதைக்கிறேன். முழிச்சுப் பாத்தா சுவத்துல அடிச்சு என் கை வீங்கியிருக்கும். பக்கத்துல இவ படுத்திருந்தா? அதான் ஹாலுக்குப் போயிட்டேன். பொண்டாட்டிகிட்ட இதை எப்படிச் சொல்றது? முதுகு வலின்னு சொன்னேன்."

"நான் என்னைப் புடிக்காமப் போயிட்டார்னு நெனச்சேன்," என்றாள் அக்கா, பட்டையை இறுக்கிக்கொண்டே. "இந்தக் கண்ணு வீங்கினப்பதான் எனக்கு நிம்மதியாச்சு."

கண் வீங்கி நிம்மதி. இப்படி ஒரு வாக்கியத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் இந்த அதிசயத்தைக் கொண்டாடியிருப்பார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார் சாவிக்காரர் மெதுவாக.

"எங்க ஆஸ்பத்திரியிலயே காட்டினேன். மாத்திரை குடுத்திருக்காரு. இப்படி ஆரம்பிக்கிற சிலருக்குப் பின்னாடி கை நடுக்கம் வருமாம். வந்தாலும் வரும், வராட்டியும் வராது. அதுக்குள்ள போயிட்டு வந்துரணும்." கடைசி வாக்கியத்தை அவள் எங்களிடம் சொல்லவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னாள். "அந்தக் கடையில அகலமான பேக்காக் காட்டினாங்க. நல்லாப் புரண்டு படுக்கலாம் மேடம்னு சொன்னாங்க. இருக்கறதுலயே இறுக்கமானதைக் குடுங்கன்னேன். ஒரு மாதிரி பாத்தாங்க. எக்ஸ்ரே எடுக்கறப்ப குட்டிப் பிள்ளைங்களை இப்படித்தான் சுத்திக் கட்டுவோம். முதல்ல கத்தும். அப்புறம் அதுக்கே புடிச்சுப் போய்த் தூங்கிரும்."

சாவிக்காரர் கொத்தைப் பொறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார். நானும் போயிருக்க வேண்டும். கொடியில் துணி இருந்தது.

அவர் தூங்கினார். அக்கா அவருக்கு ஒட்டினாற்போலப் படுத்தாள், வீங்கிய கண் அவர் பக்கம் இருக்கும்படி. கொஞ்ச நேரத்தில் அந்தப் பை நிமிர்ந்தது. உள்ளே தோள் எதையோ முட்டியது, முழங்கால் உயர்ந்தது, பட்டை விறைத்தது. முகத்தில் அப்படி ஒரு பயம். பட்டப்பகலில், மூடிய கண்ணோடு ஒரு ஆள் இல்லாத கதவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன். கொடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டிருந்த ஈரத் துண்டு என் முதுகெல்லாம் நனைத்தது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்கா விலகவில்லை. பை மேல் கையை வைத்து, எக்ஸ்ரே அறையில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்: "அசையாதீங்க... மூச்சைப் பிடிங்க... ம்... விடலாம்."

பை அடங்கியது.

அவர்கள் போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். கண் வீங்கவில்லை, நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். மகள் தன்னோடு வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டு இன்னும் தூரமாகப் போனாள். கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் பைக்கில், டெண்ட்டோடு போய் இறங்கியதில் சம்பந்தி வீட்டார் திடுக்கிட்டுப் போனார்களாம். சாவிக்காரர் அந்த ஒற்றை டெண்ட்டைத் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன செய்தார் என்று தெரியவில்லை. பிறகு சாவிக்கொத்தை எங்க வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார்.

எதிர்வீட்டுக்காரர்களும் போய்விட்டார்கள். மாடியே இல்லாத, லிஃப்ட்டே தேவைப்படாத வீடாகத் தேடிப் பிடித்ததாக அக்கா சொன்னாள். சாமானெல்லாம் வேனில் முன்னால் போனது. நான் ஜன்னலில் நின்றேன். கீழே அவர் ஹெல்மெட் வாரைப் போட முயன்று முயன்று பார்த்தார், கொக்கி அகப்படவில்லை. அக்கா போட்டுவிட்டாள். பிறகு அவள்தான் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்னால் ஏறி, இரண்டு கையாலும் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். அவர் மணிக்கட்டுகளுக்கு நடுவே அந்தச் சிவப்புப் பட்டை தெரிந்தது. கட்டியிருந்ததா, சும்மா கையில் வைத்திருந்தாரா என்று மூன்றாம் மாடியிலிருந்து தெரியவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே முடிந்தவரை தலையை நீட்டிப் பார்த்தேன். பைக் தெருமுனையில் சாய்ந்து திரும்பியது, இரண்டு ஹெல்மெட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.